நீல வெல்வெட்டுக்குக் கீழே

நாடாளுமன்றக் கட்டடத்தின் அடித்தளத்தில், தபால் பிரிவுக்கும் மின்விசை அறைக்கும் நடுவே ஜன்னல் இல்லாத ஓர் அறை இருந்தது. வாசலில் ‘அன்பளிப்புப் பொருட்கள்’ என்று ஒரு பலகை. அந்த அறையை இருபத்திரண்டு வருடம் பார்த்துக்கொண்டவளை நாங்கள் பஞ்சக்கா என்று கூப்பிட்டோம். பெரிய காரணம் ஒன்றுமில்லை. பொருட்களைப் பொதிவதற்காகப் பஞ்சைப் பிய்த்துக்கொண்டே இருப்பாள். தலைமுடியிலோ கண்ணாடிக் காம்பிலோ, சில நாள் புருவத்திலோ ஓர் இழை ஒட்டிக்கொண்டிருக்கும். நான் தபால் பிரிவில் இருந்ததால் தினமும் அதை எடுத்துவிடுவது என் வேலையாகவே ஆகிவிட்டது.

நம் உறுப்பினர் குழு வெளிநாடு போனால் அன்பளிப்பைப் பொதிந்து கொடுக்க வேண்டும். வெளிநாட்டுக் குழு இங்கே வந்தால் அவர்கள் கொண்டுவருவதை முந்தைய நாளே திறந்து, அளந்து, படம் எடுத்து, மேசைக்குத் தகுந்தபடி ஏற்பாடு செய்து, விழா முடிந்ததும் அலமாரியில் ஏற்ற வேண்டும். இதுதான் அவள் வேலை. அதற்கு முன்னால் ஒன்பது வருடம் ஒரு கண்ணாடிச் சாமான் கடையில் பொட்டலம் கட்டியவள். அவள் கட்டிய பெட்டியில் ஒரு கீறல் விழுந்தது என்று எந்த நாட்டிலிருந்தும் ஒரு புகார் வந்ததில்லை. அதில் அவளுக்குக் கர்வம் உண்டு. வெளியே காட்டமாட்டாள். ஆனால் வேறு யாராவது பெட்டி கட்டும்போது பக்கத்தில் நின்று பார்க்கிற பார்வையிலேயே அது தெரிந்துவிடும்.

எதற்கும் அசையாதவள் என்று பெயர். அவள் கணவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். வாய்க்காரர். “கூரை இடிஞ்சு விழுந்தாலும் இவ கத்தமாட்டாப்பா. செங்கல் எத்தனை உடைஞ்சிருக்குன்னுதான் பார்ப்பா” என்பார். அது உண்மைதான். ஒரு தடவை எங்கள் பிரிவில் தீப்பிடித்தபோது எல்லோரும் ஓடினோம். அவள் முதலில் ஒரு பீங்கான் ஜாடியைத் தூக்கிக்கொண்டு, பிறகுதான் வெளியே வந்தாள். அப்படிப்பட்டவளை நான் தரையில் உட்கார்ந்த நிலையில், பேசக்கூட முடியாமல் பார்த்தது அந்த ஒரு மதியம்தான்.

பக்கத்து நாட்டோடு அப்போது எட்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. எல்லை ஆற்றுத் தண்ணீரில் தொடங்கிய சண்டை, எல்லைக் கதவை மூடுவதில் போய் முடிந்திருந்தது. இரண்டு பக்கமும் ஒரே மொழிதான். அவர்கள் கொஞ்சம் இழுத்துப் பேசுவார்கள், அவ்வளவுதான். எப்படியோ மனம் இறங்கி, அவர்களுடைய நாடாளுமன்றக் குழு ஒன்று பதினோரு பேரோடு வருவதாக முடிவாகியிருந்தது. தலைவராக வந்தவர் முன்பு அந்த நாட்டின் சபாநாயகராக இருந்தவர். கட்டடம் முழுக்க வெள்ளையடித்தார்கள். அடித்தளத்துக்குக்கூட ஒரு கை பூசினார்கள்.

வரவேற்புக்கு முந்தைய நாள் மதியம், அவர்கள் தூதரகத்திலிருந்து அன்பளிப்புப் பெட்டி வந்தது. பஞ்சக்கா வெளித்தாளைப் பிரித்தாள். உள்ளே கறுப்பு மரப்பெட்டி. மூடியைத் தூக்கினாள். நீல வெல்வெட் மெத்தை போட்ட தட்டு, அதன் மேல் ஒற்றைக்காலில் நிற்கும் ஒரு வெள்ளி நாரை.

அதைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் நாரையைத் தூக்கி, பீடத்தைக் கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் நம் நாடாளுமன்ற முத்திரை. பக்கத்தில் நகத்தளவு காகிதத்தில் அவள் கையெழுத்திலேயே தேதி. பதினோரு வருடத்துக்கு முன்னால் இந்த அறையில், இதே மேசையில் அவள் பொதிந்து அனுப்பிய நாரை. நாம் கொடுத்ததையே நமக்குத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

இதற்கே வேறு யாராக இருந்தாலும் தலையில் கை வைத்திருப்பார்கள். அவள் வைக்கவில்லை. உதட்டை மட்டும் பிதுக்கினாளாம். அலமாரி மாறி எடுத்திருப்பார்கள், மேலே சொன்னால் சரிசெய்வார்கள் என்று நினைத்தபடி நாரையைத் திரும்ப வைக்கப் போனாள். அப்போதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. வெல்வெட் மெத்தையின் ஓரமாக இரண்டு விரலை நுழைத்தாள். காகிதம் தட்டுப்பட்டது.

நான் ஏதோ கையெழுத்து வாங்கப் போனபோது அவள் அலமாரியில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பழுப்பேறிய ஓர் உறை. ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. “நான்தான் உள்ள தள்ளினேன்” என்றாள்.

விஷயம் இதுதான். பதினோரு வருடத்துக்கு முன்னால் நம்முடைய குழு ஒன்று அந்த நாட்டுக்குப் புறப்பட்டபோது, அன்றைய நம் சபாநாயகர் தானே படியிறங்கி இந்த அறைக்கு வந்தார். கையில் ஓர் உறை. மேலே அந்த நாட்டுச் சபாநாயகரின் பெயரும், ‘தனிப்பட்டது’ என்ற ஒரு வார்த்தையும். இதை நாரையோடு வைத்துவிடுங்கள், பட்டியலில் எழுத வேண்டாம், இது அரசாங்க விஷயம் இல்லை என்று அவளிடம் கேட்டுக்கொண்டார். அவள் யாரிடமும் சொல்லவில்லை. பட்டியலிலும் எழுதவில்லை. மேலே வைத்தால் நாரையின் அலகு உறையைக் கிழித்துவிடும் என்று மெத்தைக்கு அடியில் வைத்து, பெட்டியைத் திறப்பவர் கண்ணில் படும்படி ஒரு விரல் அகலம் வெளியே நீட்டிவிட்டாள்.

அதுவரை சரி. பெட்டியை மூடுவதற்கு முன்னால் ஒரு தடவை தள்ளி நின்று பார்த்தாள். அத்தனை அழகான நீலத்தின் ஓரத்தில் அந்த வெள்ளைத் துண்டு அசிங்கமாக நீட்டிக்கொண்டிருந்தது. விழாவில் படம் எடுப்பார்களே என்று தோன்றியது. நாரையைத் தூக்கும்போது எப்படியும் மெத்தை நகரும், தெரிந்துவிடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, சுட்டுவிரலால் உள்ளே தள்ளிவிட்டாள்.

மெத்தை நகரவில்லை. அவ்வளவு கச்சிதமாக வெட்டியிருந்தாள்.

பஞ்சக்கா எழுந்து முகம் கழுவிக்கொண்டு, விழா முறைகளைக் கவனிக்கும் நெறிமுறை அதிகாரியைக் கூப்பிட்டாள். நாரையைப் பற்றி மட்டும் சொன்னாள். அவர் பீடத்தைக் கவிழ்த்துப் பார்த்தார், பேயறைந்தவர் போல நின்றார். பத்திரிகைக்காரன் கையில் இது கிடைத்தால் என்ன தலைப்புப் போடுவான் என்று நினைத்திருக்க வேண்டும். தூதரக ஆள் ஓடிவந்தார். அங்கே கட்டடத்தைப் புதுப்பித்தபோது காட்சிப் பெட்டிகளைக் காலி செய்தார்களாம், சீட்டுகள் எல்லாம் கழன்று போயினவாம், நல்ல வெள்ளிச் சாமானாக ஒன்று எடுத்து வை என்று யாரோ சொல்ல, யாரோ எடுத்திருக்கிறார்கள். மனிதர் வியர்த்து விறுவிறுத்து, தூதரகச் சுவரில் மாட்டியிருந்த ஓர் ஆற்று ஓவியத்தைக் கழற்றிக் கொண்டுவந்தார். ஒரு மணி நேரத்தில் அந்தச் சிக்கல் தீர்ந்தது. நாரையை யாருக்கும் தெரியாமல் திருப்பி அனுப்பிவிடலாம், நீங்களே கட்டிக் கொடுத்துவிடுங்கள் என்று அதிகாரி பஞ்சக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் கட்டினாள். உறையை மட்டும் உள்ளே வைக்கவில்லை. கைப்பையில் போட்டுக்கொண்டு, ஐந்து மணிக்கு வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகிற பேருந்தை விட்டுவிட்டு எதிர்த் திசைப் பேருந்தில் ஏறினாள்.

உறையைக் கொடுத்த நம் பழைய சபாநாயகர் ஒரு மூன்றாம் மாடிக் குடியிருப்பில் தனியாக இருந்தார். அரசியலை விட்டு ஒதுங்கி ஆறு வருடம். நாளைய வரவேற்புக்கு அவருக்கும் அழைப்புப் போயிருந்தது. உடம்பு சரியில்லை என்று மறுத்துவிட்டிருந்தார். கதவைத் திறந்தவர் கையில் பாதி தோல் சீவிய ஆப்பிளும் கத்தியும் இருந்தன. அவளை அடையாளம் தெரியவில்லை. அன்பளிப்பு அறை என்று சொன்னதும், “அடேடே, பஞ்சும்மா” என்று உள்ளே கூப்பிட்டார்.

அவள் உட்காரவில்லை. உறையை எடுத்து மேசை மேல் வைத்தாள்.

அவர் அதைப் பார்த்தார். கத்தியைக் கீழே வைத்தார், ஆப்பிளையும் வைத்தார். உறையைத் தொடவில்லை.

“போகவே இல்லையா?” என்றார்.

“போச்சு ஐயா. போயிட்டுத் திரும்பி வந்திருக்கு. யாரும் பார்க்கல. நான் உள்ள தள்ளி வச்சுட்டேன்.”

எல்லாவற்றையும் சொன்னாள். வெள்ளைத் துண்டு அசிங்கமாகத் தெரிந்ததையும் விடவில்லை. அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தாள். திட்டியிருந்தால் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். அவர் நாற்காலியைத் தேடி, பின்னால் கையால் துழாவி, மெதுவாக உட்கார்ந்தார். பிறகு அவரே சொல்ல ஆரம்பித்தார்.

அவரும் அந்த நாட்டுச் சபாநாயகரும் இளம் உறுப்பினர்களாக இருந்த காலத்தில் வேறொரு நாட்டில் மூன்று மாதப் பயிற்சிக்குப் போய் ஒரே அறையில் தங்கியவர்கள். வாடா போடா பழக்கம். இரண்டு நாடும் உரசிக்கொள்ளும்போதெல்லாம் இவர்கள் இரண்டு பேரும் தொலைபேசியில் பேசியே பாதியைத் தணித்துவிடுவார்கள். பிறகு எல்லை ஆற்றில் ஒரு படகு கவிழ்ந்தது. அந்தப் பக்கத்து ஆட்கள் நாற்பது பேர் போனார்கள். நம் காவல் படகு உதவிக்கு வரவில்லை என்று அவர்கள் குற்றம் சொன்னார்கள். இவர் ஒரு பொதுக்கூட்டத்தில் ஒலிபெருக்கி முன்னால் நின்று, அந்த நண்பரையே குறிவைத்து, அங்கே ஒருத்தர் பிணத்தைக் காட்டி ஓட்டு எண்ணுகிறார் என்று சொல்லிவிட்டார். கூட்டம் கைதட்டியது. செத்தவர்களில் ஒருவன் அந்த நண்பருடைய தங்கை மகன் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் இவருக்குத் தெரிந்தது.

“மன்னிப்புக் கேட்டு எழுதினேம்மா. பகிரங்கமா கேட்க எனக்குத் தைரியம் இல்ல. கடிதத்துல கேட்டேன். பதில் வரல. சரி, மன்னிக்க மனசு வரல போலன்னு நினைச்சுக்கிட்டேன். நியாயம்தானேன்னு விட்டுட்டேன்.” பாதி சீவிய ஆப்பிளை ஓரமாக நகர்த்தினார். “அவன் என்னை என்ன நினைச்சிருப்பான்? பேசினதையும் பேசிட்டு, ஒரு வெள்ளிக் கொக்கை அனுப்பி வச்சிருக்கான்னு நினைச்சிருப்பான்.”

பஞ்சக்கா அப்போது ஒன்று கேட்டாள். பேருந்தில் வரும்போதெல்லாம் அதுதான் அவளைக் குடைந்தது. இந்தக் கடிதம் போய்ச் சேர்ந்திருந்தால் எல்லைக் கதவை மூடியிருக்க மாட்டார்களா என்று கேட்டாள்.

“அப்படியெல்லாம் நினைச்சுக்காதீங்க. கதவை மூடினதுக்கு ஆயிரம் காரணம். எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல மூடினது மட்டும்தான் இது.”

அது ஆறுதலா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. உறையை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் திருப்பி அவள் பக்கமே நகர்த்தினார்.

“இதை ஏன் எங்கிட்டக் கொண்டு வந்தீங்க? மேல யாரு பேரு எழுதியிருக்கு?”

அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. கணவரிடம் சொன்னாள். எதற்கும் ஒரு வேடிக்கைப் பேச்சு வைத்திருப்பவர், அன்று அவள் தட்டை எடுத்துக் கழுவி வைத்தாராம்.

மறுநாள் காலை எட்டரைக்கே பஞ்சக்கா நெறிமுறை அதிகாரியின் அறைக்குப் போய் முழுவதையும் சொன்னாள். நேற்றைய அதிர்ச்சியிலிருந்தே இன்னும் மீளாதவர் அவர். முதலில் கதவைச் சாத்தினார். பட்டியலில் இல்லாத பொருள் ஒன்று நம் பெட்டியில் போயிருக்கிறது, அதுவும் ஒட்டிய கடிதம், அதையும் நேற்று அரசாங்கக் கட்டடத்திலிருந்து வெளியே எடுத்துப் போயிருக்கிறீர்கள், இதை இன்னொருத்தரிடம் சொல்லிவிடாதீர்கள் என்று கையைக் கூப்பாத குறையாகச் சொன்னார். குழு திரும்பிப் போகட்டும், இரண்டு மாதம் கழித்துத் தூதரகம் வழியாக முறைப்படி அனுப்பலாம் என்றார். அவள் தலையாட்டினாள். ஒத்துக்கொண்டதாக அவர் எடுத்துக்கொண்டார்.

பத்தரைக்குக் குழு வந்தது. கம்பளம், பூங்கொத்து, கேமரா எல்லாம் முறைப்படி. ஓவியத்தை அவர்கள் கொடுத்தார்கள், நாம் ஒரு செதுக்கிய மரப்பெட்டியைக் கொடுத்தோம். அன்பளிப்பை எடுத்து நீட்டுவது பஞ்சக்காவின் வேலை என்பதால் அவள் மேசைக்குப் பின்னால் நின்றிருந்தாள்; பெட்டி தூக்க உதவிக்கு வந்த நான் சுவரோரமாக நின்றேன். தலைவர் உயரமான மனிதர், காது கொஞ்சம் மந்தம். வருகையாளர் புத்தகத்தில் கையெழுத்துப் போடக் குனிந்தார்.

அவள் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். இரண்டு கையாலும் உறையை நீட்டினாள். ஒரு வார்த்தை வாயிலிருந்து வருவதற்குள் பாதுகாப்பு அதிகாரி அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கிவிட்டார். யாரோ பூங்கொத்தைக் கீழே போட்டார்கள். நம் சபாநாயகர் பாதிச் சிரிப்பில் அப்படியே நின்றார். கேமராக்கள்கூட ஒரு கணம் நின்றுவிட்டன. நெறிமுறை அதிகாரியின் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

உறை கம்பளத்தில் விழுந்து கிடந்தது. தலைவர் பேனாவோடு திரும்பிப் பார்த்தார். பெயர் எழுதியிருந்த பக்கம் மேலே இருந்தது. அந்தக் கையெழுத்தை அவர் எங்கே வேண்டுமானாலும் அடையாளம் கண்டிருப்பார். மூன்று மாதம் ஒரே மேசையில் எழுதியவர்கள் அல்லவா.

“அவங்க கையை விடுங்க” என்றார்.

தானே குனிந்து எடுத்தார். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, உட்காருவதற்குத் தனியாக ஓர் இடம் வேண்டும் என்றார். பெரிய அறைகள் எல்லாவற்றிலும் ஆட்கள். அப்படித்தான் அந்த நாட்டின் முன்னாள் சபாநாயகர் எங்கள் அடித்தளத்துக்கு வந்து, பஞ்சக்காவின் முக்காலியில் உட்கார்ந்தார். அவளை மட்டும் இருக்கச் சொன்னார். பாதுகாப்பு அதிகாரி கதவுக்கு வெளியே என் பக்கத்தில் நின்றார். கதவைச் சாத்த விடவில்லை. அதனால் எனக்கும் கேட்டது.

நான்கு பக்கக் கடிதம். இரண்டு தடவை படித்தார். நடுவில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார். இது எங்கே இருந்தது என்று கேட்டார். அவள் சொன்னாள்.

“வெல்வெட்டுக்குக் கீழயா?”

“ஆமாங்க.”

“அந்த நாரையைத் தட்டோட கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சு என் அறை வாசல்ல வச்சிருந்தாங்கம்மா. தினம் காலையில அதைத் தாண்டித்தான் உள்ள போவேன். ஒரு வார்த்தை எழுத மனசு வரலையே இவனுக்குன்னு, தினம் அதைப் பார்த்துத் திட்டியிருக்கேன்.”

அவள் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். வரவில்லை. அவரும் அதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. கடிதத்தை மடிக்க முயன்றார். மடிப்பு ஒத்துவரவில்லை. அவள்தான் வாங்கி மடித்து உறைக்குள் வைத்துக் கொடுத்தாள்.

“அவன் இருக்கானா?”

“இருக்காருங்க. பதினாறாம் நம்பர் பஸ், கடைசி நிறுத்தம். மூணாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யல.”

மேலே பத்து உறுப்பினர்களும் நம்முடைய சபாநாயகரும் ஆறிப்போன தேநீரை வைத்துக்கொண்டு ஐம்பது நிமிடம் உட்கார்ந்திருந்தார்கள். மதியம் போகவேண்டிய அணைக்கட்டுப் பயணத்துக்குத் தலைவர் போகவில்லை. காரை மூன்றாம் மாடிக் குடியிருப்புக்கு விடச் சொன்னார். கூடப் போன ஓட்டுநர் பிறகு எங்களிடம் சொன்னார். கதவு திறந்ததும் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொள்ளவும் இல்லை, அழவும் இல்லையாம். வாசலில் நின்று ஒருவரையொருவர் மேலும் கீழும் பார்த்தார்களாம். உள்ளே போனார்களாம். பிறகு திடீரென்று கத்தல். ஓட்டுநர் பதறி எட்டிப் பார்த்தால், கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் ஏதோ ஒரு வரியை விரலால் குத்திக் குத்திக் காட்டி, இதை எப்படிடா இப்படி எழுதலாம் என்று வந்தவர் சண்டை போடுகிறாராம். வீட்டுக்காரர், அவசரத்தில் வரைவையே உறையில் போட்டுவிட்டேன், இது வரைவுதான், வரைவுதான் என்கிறாராம்.

பத்திரிகைகள் ‘திட்டமிடாத நெகிழ்ச்சியான சந்திப்பு’ என்று எழுதின. ஏற்பாடு செய்ததற்காக நெறிமுறை அதிகாரிக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. எல்லைக் கதவு பதினான்கு மாதம் கழித்துத் திறந்தது. அதற்கு வியாபாரிகளும் மூன்று குழுக்களும் ஒரு தேர்தலும்தான் காரணம். பஞ்சக்கா ஒருபோதும் அதில் பங்கு கேட்டதில்லை.

அவளுக்கு வந்தது குறிப்பாணை. பட்டியலில் சேர்க்காமல் பொருளை வைத்தது ஏன், அனுமதியின்றி வெளியே எடுத்துச் சென்றது ஏன், விழாவில் முறை தவறி நடந்தது ஏன் என்று மூன்று கேள்வி. அதிகாரி நல்ல மனிதர். முதல் கேள்விக்கு மறதி என்று ஒரு வார்த்தை எழுதுங்கள், மற்ற இரண்டையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

“மறக்கல சார். வச்சேன். வெளியில தெரியுற மாதிரி வச்சேன். அப்புறம் நானேதான் உள்ள தள்ளினேன்.”

அப்படியே எழுதிக் கொடுத்தாள். எழுத்துமூலமான எச்சரிக்கை ஒன்று அவள் பணிப்பதிவேட்டில் ஏறியது. இருபத்திரண்டு வருடத்தில் அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் அவள் கட்டி முடித்த பெட்டியைத் திரும்பப் பிரிப்பதை நான் பார்த்திருக்கிறேன். பிரிப்பாள், ஒவ்வொன்றாக எடுத்து வைப்பாள், மறுபடி கட்டுவாள், மறுபடி பிரிப்பாள். ஒரு சின்னத் தட்டுக்கு அரை நாள் ஆகும். கை வேலை செய்துகொண்டிருக்க, கண் வேறெங்கோ இருக்கும். தலையில் ஒட்டிய பஞ்சை எடுக்கப் போனால்கூடத் திடுக்கிட்டுத் திரும்புவாள். வீட்டிலும் அப்படித்தான் என்று அவள் கணவர் சொன்னார்.

குழு வந்துபோன எட்டாவது மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை, எங்கள் பிரிவுத் தொலைபேசியில் ஒருவர் பஞ்சும்மாவைக் கூப்பிடச் சொன்னார். பழைய சபாநாயகர்தான். அவள் வந்து ரிசீவரைக் காதில் வைத்தாள். நான் பக்கத்திலேயே இருந்தேன். பக்கத்து நாட்டில் அந்த நண்பர் முந்தைய நாள் மாலை இறந்துபோனார். மாரடைப்பு. வாரத்துக்கு இரண்டு தடவை பேசிக்கொண்டிருந்தார்களாம், போன செவ்வாய்க்கிழமைகூட.

பஞ்சக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

“எட்டு மாசம் கிடைச்சுதேம்மா” என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது.

அவர் அதை நன்றியாகச் சொன்னாரா, கிடைக்காமல் போன பதினோரு வருடத்தை நினைத்துச் சொன்னாரா என்று அவள் என்னிடம் பல தடவை கேட்டிருக்கிறாள். எனக்கும் தெரியவில்லை.